பழைய கார் பந்தயம்: மலையிலிருந்து தொடங்குபவர்களுக்கு

தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு ஷெட்டில் நிற்கிறது, இன்ஜின் இன்னும் ஓடுகிறது, அதை வைத்துப் பந்தயத்தில் இறங்கலாமா என்று குன்னூர், கோத்தகிரி பக்கம் அடிக்கடி கேட்கிறார்கள். இறங்கலாம். ஆனால் 'பழைய கார் பந்தயம்' என்ற ஒரே பெயரில் நான்கு வேறு வேறு விஷயங்கள் நடக்கின்றன. எது நமக்கு என்று தெரியாமல் இறங்கினால் பணமும் போகும், வண்டியும் போகும்.

முதலாவது கண்காட்சியும் அணிவகுப்பும். நம் பக்கத்தில் பழைய கார் நிகழ்ச்சி என்றால் பெரும்பாலும் இதுதான். மெருகேற்றிய கார்களை வரிசையாக நிறுத்துவார்கள், நடுவர்கள் போல்ட் நட்டு வரை குனிந்து பார்ப்பார்கள், அப்புறம் ஊருக்குள் ஒரு சுற்று. எனக்குப் பிடித்த விஷயம்தான், ஆனால் பந்தயம் கிடையாது. இரண்டாவது, நேரக்கணக்கு ஓட்டம். இதை ரெகுலாரிட்டி என்றும் டி.எஸ்.டி. (டைம், ஸ்பீட், டிஸ்டன்ஸ்) ராலி என்றும் சொல்வார்கள். வேகமாகப் போனவருக்கு இங்கே பரிசு கிடையாது, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் இருந்தவருக்குத்தான். மூன்றாவது ஹில் கிளைம்ப்: போக்குவரத்தை மூடிய மலைச்சாலையில் ஒவ்வொரு காராக, கடிகாரத்தோடு மட்டும் போட்டி போட்டுக்கொண்டு ஏறுவது. நான்காவதுதான் எல்லோரும் மனசில் நினைக்கிற ரேஸ்: ரேஸ் டிராக்கில் இருபது, முப்பது கார்கள் ஒன்றாகக் கிளம்பி ஒன்றையொன்று முந்துவது.

அணிவகுப்பை விட்டுவிடுங்கள். மற்ற மூன்றையும் கட்டிப்போடுவது ஒரே விதிதான்: கார் அதன் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்க வேண்டும். 1962இல் விற்ற கார் என்றால் 1962இல் அந்த மாடலுக்குக் கிடைத்த கார்புரேட்டர், அன்று போட்ட அளவுச் சக்கரம், அன்றிருந்த பிரேக். இன்றைக்குக் கடையில் கிடைக்கிற நல்ல டிஸ்க் பிரேக்கைக் கொண்டுவந்து மாட்டிவிட்டு 'பாதுகாப்புக்காகத்தான்' என்று சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். உலக அளவில் இதற்கு, மோட்டார் பந்தயங்களை நிர்வகிக்கும் எஃப்.ஐ.ஏ. அமைப்பின் விதித்தொகுப்பு ஒன்று இருக்கிறது, அதில் 'கே இணைப்பு' என்ற பகுதி முழுக்க முழுக்கப் பழைய கார்களுக்கானது. அது கார்களைக் காலப்பகுதிகளாகப் பிரித்து எழுத்து கொடுக்கிறது. 1947 முதல் 1961 வரை இ, 1962 முதல் 1965 வரை எஃப், 1966 முதல் 1971 வரை ஜி என்று போகும். சர்வதேசப் பந்தயத்துக்குப் போகிற ஒவ்வொரு காருக்கும் தொழில்நுட்பப் பாஸ்போர்ட் என்று ஒரு புத்தகம் உண்டு. இன்ஜின் அளவு, கியர் விகிதம், சஸ்பென்ஷன் எல்லாம் படத்தோடு அதில் பதிவாகியிருக்கும். பரிசோதனைக்கு வருகிற அதிகாரி புத்தகத்தையும் காரையும் மாற்றி மாற்றிப் பார்ப்பார்.

இந்த விதி ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்பது புரிந்தால்தான் மற்றதெல்லாம் புரியும். மாற்றலாம் என்று விட்டால் என்ன ஆகும்? பணம் இருப்பவர் உள்ளே எல்லாவற்றையும் புதிதாகப் போட்டுவிடுவார், கடைசியில் பழைய தகடு போர்த்திய புதுக் கார்கள்தான் ஓடும். கார் அதன் வருஷத்திலேயே நின்றால், அந்தக் காரின் நல்லது கெட்டது இரண்டோடும் ஓட்டுநர் வாழ்ந்தாக வேண்டும். பிரேக் சூடாகும், டயர் வழுக்கும், கியர் முரண்டு பிடிக்கும். அதையெல்லாம் கையும் காலும் காதும்தான் சமாளிக்க வேண்டும். பழைய கார் பந்தயத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இங்கிலாந்தில் குட்வுட் என்றொரு டிராக். 1948 முதல் 1966 வரை அங்கே பந்தயம் நடந்தது, பிறகு நின்றுபோனது. 1998இல் 'ரிவைவல்' என்ற பெயரில் மறுபடியும் தொடங்கி, 1966 வரையிலான காலத்தின் கார்களை மட்டும் ஓடவிடுகிறார்கள். அங்கே சலூன் கார் பந்தயம் ஒன்று பார்த்தால் போதும். 7 லிட்டர் இன்ஜின் வைத்த, படகு மாதிரி நீளமான ஃபோர்டு கேலக்ஸி ஒரு பக்கம், ஒன்றேகால் லிட்டர் மினி கூப்பர் இன்னொரு பக்கம். நேர்ச்சாலையில் கேலக்ஸி கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விடும். வளைவு வந்ததும் அந்தக் கனத்தை நிறுத்த அது படாதபாடு படும், மினி பிரேக்கைத் தொட்டும் தொடாமலும் உள்ளே நுழைந்து அதன் வாலைப் பிடித்துவிடும். அடுத்த நேர்ச்சாலையில் மறுபடியும் கேலக்ஸி. இப்படி ஒரே பந்தயத்துக்குள் பத்துத் தடவை இடம் மாறும். இரண்டு கார்களையும் இன்றைய பிரேக்கும் டயரும் போட்டு ஓட்டினால் இந்த விளையாட்டே இருக்காது.

சரி, தொடங்குபவர் எதில் தொடங்கலாம்? என்னைக் கேட்டால் நேரக்கணக்கு ஓட்டம்தான். அதில் காரைப் பிழியத் தேவையில்லை, திறமை நிறைய வேண்டும். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

காருக்குள் இரண்டு பேர். ஒருவர் ஓட்டுவார், பக்கத்தில் இருப்பவர் வழியும் கணக்கும் பார்ப்பார். கிளம்பும் முன் ரோடு புக் கொடுப்பார்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் ஒரு சின்னக் கோட்டுப்படம், கிளம்பிய இடத்திலிருந்து எத்தனை கிலோமீட்டர், அந்தப் பகுதியில் என்ன சராசரி வேகம் என்று அதில் இருக்கும். மணிக்கு 24 கிலோமீட்டர் சராசரி என்று போட்டிருந்தால் ஒரு கிலோமீட்டருக்கு இரண்டரை நிமிடம். 11 கிலோமீட்டர் தள்ளி ஒரு சோதனைப்புள்ளி இருந்தால் நீங்கள் அங்கே 27 நிமிடம் 30 செகண்டில் இருக்க வேண்டும். முந்தினாலும் புள்ளி போகும், பிந்தினாலும் போகும். சோதனைப்புள்ளி எங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள், அதனால் கடைசியில் அவசரமாகச் சரிக்கட்டவும் முடியாது, வழி முழுக்க கணக்கிலேயே இருக்க வேண்டும்.

மலையில் இது எவ்வளவு கஷ்டம் என்று யோசித்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் அரசுப் பேருந்து ஒன்று முழுச் சாலையையும் எடுத்துத் திரும்பும்போது நீங்கள் நின்றே ஆக வேண்டும், 40 செகண்ட் போயிற்று. இப்போது பக்கத்தில் இருப்பவர் கணக்குப் போடுவார்: 24க்குப் பதிலாக 30இல் போனால் கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம், அதாவது ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 30 செகண்ட் திரும்பக் கிடைக்கும், ஆக ஒன்றேகால் கிலோமீட்டரைத் தாண்டிக் கொஞ்ச தூரம் அப்படிப் போனால் சரியாகிவிடும். ஓட்டுபவரிடம் இவ்வளவு விவரம் சொல்ல மாட்டார், "முப்பதுல போ... போ... இன்னும் பத்து செகண்ட் பாக்கி... சரி, இருபத்தி நாலுக்கு வா" என்றுதான் சொல்வார். நல்ல ஜோடிக்கு இந்தப் பேச்சே போதும். ஓடோமீட்டரையும் நம்ப முடியாது. டயர் தேய்ந்திருந்தாலே அளவு மாறும். அதனால் முதலில் ஒரு அளவுச் சோதனைப் பகுதி கொடுப்பார்கள். அவர்கள் கணக்கில் 10 கிலோமீட்டர், உங்கள் மீட்டர் 9.8 காட்டுகிறது என்றால் அன்று முழுக்க உங்கள் மீட்டரை 1.02ஆல் பெருக்கிக்கொண்டே இருக்க வேண்டும்.

இந்த வகையில் உலகத்தில் பெரிய பெயர் இத்தாலியின் மில்லே மில்லியா. பிரெஷ்சியாவில் கிளம்பி ரோம் போய்த் திரும்பும் ஆயிரம் மைல் ஓட்டம், 1927இல் தொடங்கியது. அப்போது அது திறந்த சாலையில் நிஜ வேகப் பந்தயம். 1955இல் ஸ்டிர்லிங் மாஸ் மெர்சிடிஸ் 300 எஸ்.எல்.ஆர். காரில் 10 மணி 7 நிமிடம் 48 செகண்டில் முடித்தார். பக்கத்தில் டெனிஸ் ஜென்கின்சன் என்ற பத்திரிகையாளர், முன்கூட்டியே பாதை முழுக்கப் போய் ஒவ்வொரு வளைவையும் நீளக் காகிதச் சுருளில் எழுதி, அதை ஒரு பெட்டிக்குள் உருட்டி உருட்டிப் பார்த்து, இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது என்பதால் கைச்சைகையிலேயே சொல்லிக்கொண்டு வந்தார். 1957இல் டயர் வெடித்து ஒரு கார் கூட்டத்துக்குள் பாய்ந்தது. ஓட்டியவரும் உடன் வந்தவரும் பார்வையாளர்கள் ஒன்பது பேரும் இறந்தார்கள், அதோடு வேகப் பந்தயம் முடிந்தது. 1977இல் அதே பெயரை நேரக்கணக்கு ஓட்டமாக மீட்டெடுத்தார்கள். 1927க்கும் 1957க்கும் இடையில் அந்தப் பந்தயத்தில் ஓடிய மாடல்களுக்குத்தான் இடம். சாலையில் போட்ட ரப்பர் குழாய் மேல் சக்கரம் ஏறும் கணத்தை செகண்டில் நூறில் ஒரு பங்கு வரை அளக்கிறார்கள். பெயர் அதேதான், வழியும் ஏறக்குறைய அதேதான், ஆனால் யாரும் சாகத் தேவையில்லை. இந்த மாற்றம் நம் மலைக்கு முக்கியம் என்று நினைக்கிறேன், ஏனென்று கீழே வருகிறது.

ஹில் கிளைம்ப் பற்றிக் கேட்பவர்கள் உடனே கல்லட்டி பெயரைச் சொல்வார்கள். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் 36 கொண்டை ஊசி வளைவு, அதைவிட நல்ல தடம் எங்கே கிடைக்கும் என்று. இங்கே நான் வளைத்துப் பேசப்போவதில்லை. திறந்திருக்கும் பொதுச்சாலையில் வேகம் பார்ப்பது குற்றம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 189ஆவது பிரிவு, மாநில அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொது இடத்தில் பந்தயம் ஓட்டினால் சிறையோ அபராதமோ இரண்டுமோ உண்டு என்கிறது. சட்டத்தை விட்டாலும், கல்லட்டியில் ஏற்கெனவே எத்தனை வண்டிகள் உருண்டிருக்கின்றன என்று நமக்குத் தெரியாதா? கல்லாறு பக்கம் யானை, குன்னூர் கோத்தகிரி சாலையில் காட்டெருமை, திடீரென்று இறங்கும் பனிமூட்டம், பள்ளி விட்டு ஓரமாக நடந்துவரும் பிள்ளைகள். இது அவர்கள் சாலை. இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷ் 1905 முதல் அதே இடத்தில் நடக்கும் ஹில் கிளைம்ப், அது தனிப்பட்ட நிலத்தில் இருக்கும் 914 மீட்டர் சாலை. அமெரிக்காவின் பைக்ஸ் பீக், 1916 முதல் நடப்பது, 156 வளைவு, சுமார் 20 கிலோமீட்டர். போட்டி நேரத்தில் சாலையை முழுக்க மூடிவிடுவார்கள். மூடிய சாலை, மார்ஷல் (ஓரத்தில் நின்று கொடி காட்டி எச்சரிக்கும் பணியாளர்), ஆம்புலன்ஸ் இந்த மூன்றும் இல்லாத இடத்தில் ஹில் கிளைம்ப் என்ற பேச்சே கிடையாது.

ஆனால் பந்தயத்துக்கு வேண்டிய பழக்கங்களை நம் மலைச்சாலை சாதாரண வேகத்திலேயே கற்றுக்கொடுத்துவிடும். பழைய காரை மலையில் ஒழுங்காக ஓட்டத் தெரிந்தவருக்கு டிராக்கில் பாதி வேலை முடிந்தது என்று சொல்வேன்.

முதலில் பிரேக். ஹெரால்டு, ஃபியட் 1100, அம்பாசடர் எல்லாமே நாலு சக்கரத்திலும் டிரம் பிரேக் வைத்து வந்த வண்டிகள். குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கினால் ஏறக்குறைய 1500 மீட்டர் கீழே வருகிறோம். இரண்டு பேரோடு 950 கிலோ எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளியேற வேண்டிய சக்தி, 40 லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அந்தச் சூட்டில் எவ்வளவு இன்ஜின் வாங்கிக்கொள்கிறது, எவ்வளவு பிரேக் வாங்கிக்கொள்கிறது என்பதை உங்கள் கியர்தான் தீர்மானிக்கிறது. "ஏறுன கியர்லயே எறங்கு" என்று மலை டிரைவர்கள் சொல்வது இதைத்தான். பிரேக்கை நம்பியே இறங்கினால் டிரம் சூட்டில் விரிந்து, உள்ளேயிருந்து அதை அழுத்தும் ஷூவை விட்டு விலகும், பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஷூவின் மேல் ஒட்டிய லைனிங் ஒரு அளவுக்கு மேல் சூடானால் பிடிமானமே போய்விடும். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அந்த ஈரம் கொதித்து ஆவியானால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும், வண்டி நிற்காது. பர்லியாரில் பழக்கடை முன்னால் நிறுத்துகிற வண்டிகளின் சக்கரத்திலிருந்து கருகல் வாசனை வருவதைக் கவனித்திருப்பீர்கள், சிலர் உடனே பாட்டில் தண்ணீரை எடுத்து ஊற்றுவார்கள். தயவுசெய்து ஊற்றாதீர்கள். வார்ப்பிரும்பு டிரம் திடீரென்று குளிர்ந்தால் வளையும், விரிசல் விடும். ஹேண்ட் பிரேக்கையும் போட்டு இறுக்காமல், கியரில் நிறுத்தி சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டு அரை மணி நேரம் சும்மா இருங்கள்.

டிராக்கிலும் இதே கதைதான். பழைய கார் பந்தயத்தில் முதல் இரண்டு சுற்றில் எல்லோரையும் முந்திவிட்டு ஐந்தாம் சுற்றில் பிரேக் இல்லாமல் தவிக்கிறவர் தொடக்கக்காரர். அனுபவசாலி கொஞ்சம் முன்னாலேயே மெதுவாகத் தொட்டு, வேகத்தைக் கொல்லாமல் வளைவுக்குள் எடுத்துச் சென்று, கடைசிச் சுற்றுக்குப் பிரேக்கை மிச்சம் வைத்திருப்பார்.

அடுத்தது கியர். இந்தக் கார்களில் பலவற்றில் முதல் கியருக்கு சிங்க்ரோ, அதாவது கியர் விழும் முன் பற்களின் வேகத்தைச் சமமாக்கும் அமைப்பு, கிடையாது. கொண்டை ஊசியில் ஏறும்போது செகண்ட் கியரில் இழுக்காமல் வண்டி திணறும், ஓடிக்கொண்டே ஃபர்ஸ்ட்டுக்குப் போக வேண்டும், நேரே தள்ளினால் கர்ரென்று பல் அரைக்கும். இதற்குத்தான் டபுள் கிளட்ச். கிளட்சை அமுக்கி நியூட்ரலுக்கு எடுங்கள், கிளட்சை விடுங்கள், ஆக்சிலரேட்டரைச் சட்டென்று ஒரு மிதி, இன்ஜின் சுற்று ஏறுகிற அந்தக் கணத்தில் மறுபடி கிளட்சை அமுக்கி ஃபர்ஸ்ட்டைப் போடுங்கள். சரியாக விழுந்தால் சத்தமே இருக்காது, வெண்ணெயில் கத்தி. காதுதான் இதற்கு அளவுகோல். டிராக்கில் இதையே பிரேக்கை மிதித்துக்கொண்டு செய்ய வேண்டும், அதாவது வலது காலின் முன்பகுதி பிரேக்கில், அதே காலின் ஓரம் ஆக்சிலரேட்டரில். முதலில் சமதளத்தில், ஆள் இல்லாத இடத்தில் பழகுங்கள். கால் தானாகச் செய்யும் வரை மலைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இனி ஹெரால்டு. எனக்கு இந்தக் காரின் மேல் தனி அன்பு உண்டு. டிரையம்ஃப் ஹெரால்டின் இந்திய வடிவம் இது. வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்ட் தொழிற்சாலையில் 1961 முதல் 1971 வரை செய்தார்கள். இதே அடிச்சட்டத்தைக் குறுக்கித்தான் 1962இல் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் கார் வந்தது, அது 1965இல் பிரான்சின் லே மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் ஜெயித்தது. ஆக உங்கள் ஷெட்டில் நிற்பது ஒரு பந்தயக்காரின் நேர் உறவு. சுமார் 25 அடி வட்டத்துக்குள்ளேயே முழுதாகத் திரும்பிவிடும், கொண்டை ஊசியில் இதன் அருமை தெரியும். முன்பக்க பானெட் மொத்தமும் சக்கர மேலடையோடு சேர்ந்து முன்னால் சாயும், டயர் மேல் உட்கார்ந்துகொண்டே இன்ஜின் வேலை பார்க்கலாம்.

ஆனால் பின்பக்கம் ஒரு குணம் இருக்கிறது, தெரிந்துகொள்ளாமல் டிராக்கில் ஏறக்கூடாது. பின் ஆக்சில் ஒரே தண்டாக இல்லை. நடுவில் டிஃபரன்ஷியல் (இன்ஜின் சக்தியை இரண்டு சக்கரத்துக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சட்டத்தோடு நிலையாக நிற்கும், இரண்டு பக்கமும் அரைத் தண்டுகள் உள்முனையில் மட்டும் மூட்டு வைத்து மேலும் கீழும் ஆடும். சக்கரம் தண்டோடு சேர்ந்தே சாயும் என்பதுதான் விஷயம். வேகமான வளைவில் பாதி வழியில் பயந்து ஆக்சிலரேட்டரை விட்டாலோ பிரேக்கை மிதித்தாலோ எடை முன்னால் போகும், பின்பக்கம் தூக்கும், சக்கரங்கள் கீழ்ப்பக்கமாக உள்ளே மடங்கும், வெளிச்சக்கரம் டயரின் விளிம்பில் நிற்கும். அந்த நொடியில் பின்பக்கம் பிய்த்துக்கொண்டு போகும். 20 கிலோமீட்டரில் எடுக்கும் கொண்டை ஊசியில் இது நடக்காது, அகலமான வேக வளைவில் நடக்கும். தீர்வு எளிது, கடைப்பிடிப்பதுதான் கடினம்: பிரேக், கியர் எல்லாவற்றையும் வளைவுக்கு முன்பே நேராக இருக்கும்போதே முடித்துவிடுங்கள். உள்ளே நுழைந்தபின் ஆக்சிலரேட்டரை லேசாகப் பிடித்தபடி இருங்கள், விடாதீர்கள். மலையில் மெதுவாக ஓட்டும்போதே இந்த ஒழுங்கைப் பழகிவிட்டால் டிராக்கில் அது உங்களைக் காப்பாற்றும்.

மலையில் வளர்ந்த காருக்கு மட்டும் உரிய இன்னொரு பிரச்சினை கார்புரேட்டர். ஊட்டி 2240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜினின் பலமும் ஏறக்குறைய அதே அளவு குறையும். கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது, பெட்ரோலை மட்டும் தாராளமாக விடும், பிளக் கறுத்துப்போகும். அதனால் இங்கே உள்ள மெக்கானிக்குகள் சின்ன ஜெட் (பெட்ரோல் வரும் துளை) போட்டு, கலவையைக் குறைத்து ட்யூன் செய்வார்கள். அது மலைக்குச் சரி. அதே காரை ட்ரெய்லரில் ஏற்றி, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டினால்? கடல்மட்டத்தின் அடர்ந்த காற்றில் அதே ஜெட் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு பெட்ரோலைக் குறைவாகக் கொடுக்கும். இன்ஜின் சூடேறும், படபடவென்று தட்டும், கவனிக்காமல் விட்டால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும். கீழே இறங்கியதும் ஜெட்டை மாற்றுங்கள், ஒரு நல்ல ஓட்டம் ஓட்டி, இன்ஜினை அப்படியே அணைத்து, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெளிர் காபி நிறம் இருந்தால் சரி, வெள்ளையாக இருந்தால் இன்னும் பெரிய ஜெட் வேண்டும். கோவை செட்டிப்பாளையம் டிராக் 400 மீட்டர் உயரம்தான், அதற்கும் மாற்றத்தான் வேண்டும்.

ரேடியேட்டரும் இதே வகை. ஊட்டியில் திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். ரேடியேட்டர் மூடியின் ரப்பர் இற்றுப்போயிருந்தால் உள்ளே அழுத்தம் நிற்காது, ஏற்றத்தில் சீக்கிரம் பொங்கும். மூடி மலிவு, மாற்றிவிடுங்கள்.

பாதுகாப்புச் சாமான்களுக்கு வருவோம். 'காலத்தில் இருந்தபடியே' என்ற விதி தளர்வது இந்த ஒரு இடத்தில்தான், தளர வேண்டியதும்தான். ஹெல்மெட், தீப்பிடிக்காத உடுப்பு, பல பட்டை பெல்ட், ரோல் கேஜ் (கார் உருண்டாலும் நசுங்காமல் காக்கும் குழாய்க் கூடு), தீயணைப்பான், வெளியிலிருந்தே மின்சாரத்தை அணைக்கும் சுவிட்ச் என்று போட்டிக்கு ஏற்ப எவை கட்டாயம் என்று விதிப்புத்தகத்தில் இருக்கும். பழைய ஓட்டுநர்கள் துணித்தொப்பியோடு ஓட்டினார்கள் என்பது அழகான புகைப்படம், ஆனால் அவர்களில் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மார்ஷல் காட்டும் கொடிகளையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். மஞ்சள் என்றால் முன்னால் ஆபத்து, முந்தக்கூடாது. நீலம், பின்னால் வேகமான கார் வருகிறது. சிவப்பு, பந்தயம் நிறுத்தப்பட்டது. கறுப்பில் ஆரஞ்சு வட்டம், உங்கள் காரில் கோளாறு தெரிகிறது, டிராக்கை விட்டு பிட்டுக்கு (பழுது பார்க்கும் இடம்) வா.

காகித வேலை சலிப்பானது, ஆனாலும் விட முடியாது. 2021இல் வந்த மத்திய விதிப்படி, 50 வயதைத் தாண்டிய, மூல வடிவம் மாறாத காரை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்யலாம், எண்ணில் 'வி.ஏ.' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷத்துக்குச் செல்லும். கண்காட்சி, விண்டேஜ் ராலி, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு இதற்கெல்லாம் சாலையில் எடுக்கலாம், தினசரி ஓட்டத்துக்கு எடுக்கக்கூடாது. ஹெரால்டுகள் எல்லாமே இப்போது இந்த வயதைத் தாண்டிவிட்டன. இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று: பந்தயத்துக்கென்று அடிச்சட்டத்தை வெட்டினாலோ வேறு இன்ஜின் இறக்கினாலோ மூல வடிவம் போய்விடும், விண்டேஜ் தகுதியும் கேள்விக்குறியாகும். எது வேண்டும் என்று வெல்டிங் தொடங்கும் முன்பே முடிவு செய்யுங்கள். சாதாரண மோட்டார் இன்ஷூரன்ஸ் பாலிசி, ஏற்பாடு செய்த பந்தயத்தையும் வேகச் சோதனையையும் 'ரிலையபிலிட்டி டிரையல்' (வண்டி தாக்குப்பிடிக்கிறதா என்று பார்க்கும் ஓட்டம்) என்பதையும் விலக்கியே எழுதியிருக்கும். அதனால் நேரக்கணக்கு ஓட்டத்துக்கும் தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. போட்டி உரிமத்தை, இந்திய மோட்டார் விளையாட்டுக் கிளப்புகளின் கூட்டமைப்பான எஃப்.எம்.எஸ்.சி.ஐ. வழங்குகிறது. டிராக்கைப் பொறுத்தவரை நமக்குக் கொடுப்பினை இருக்கிறது: மலையிறங்கினால் செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சென்னைப் பக்கம் இருங்காட்டுக்கோட்டை. சோழவரத்தில் போர்க்கால விமான ஓடுதளத்தில் ஃபியட்டும் ஹெரால்டும் ஓடிய காலம் ஒன்று உண்டு, மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953இலேயே தொடங்கிவிட்டது. இந்த மாநிலத்துக்குப் பந்தயம் புதிதல்ல.

உதிரி பாகம் கிடைக்காதே என்று பயப்படுகிறவர்களுக்கு: கோவையில் லேத் பட்டறையும் வார்ப்படச் சாலையும் இல்லாத தெரு குறைவு. பழைய புஷ்ஷைக் கையில் கொடுத்தால் அதே அளவில் கடைந்து கொடுப்பார்கள். பிரேக் சிலிண்டர், ஸ்டியரிங் மூட்டு மாதிரி உயிர் சம்பந்தப்பட்டதை மட்டும் உள்ளூர்க் கடைசலில் விடாதீர்கள், அதற்கென்று செய்கிறவர்களிடமிருந்து வாங்குங்கள், விலை எவ்வளவானாலும் சரி. அவிநாசி சாலையில் ஜி.டி. கார் மியூசியம் இருக்கிறது, போய் உங்கள் காரின் காலத்துக் கார்களை நிதானமாகப் பாருங்கள், எது மூலப்பொருள், எது பின்னால் மாட்டியது என்று கண்ணுக்குப் பழகும்.

ஆக, ஷெட்டில் நிற்கும் அந்த ஹெரால்டுக்கு இந்த மாதம் என்ன செய்யலாம்? நாலு டிரம்மையும் கழற்றுங்கள். லைனிங்கின் கனத்தையும், டிரம் உள்பக்கம் வரி விழுந்திருக்கிறதா என்பதையும், வீல் சிலிண்டர் கசிகிறதா என்பதையும் பாருங்கள். ரப்பர் ஹோஸ் எல்லாவற்றையும் மாற்றி, பிரேக் ஆயிலை முழுக்க வடித்துப் புதிது ஊற்றுங்கள். அப்புறம் கணக்கு வருகிற ஒரு நண்பரைப் பக்கத்தில் உட்காரவைத்து, போக்குவரத்துக் குறைந்த காலை நேரத்தில் கோத்தகிரி சாலையில் ஒரு பத்து கிலோமீட்டரை 24 சராசரியில், சரியாக 25 நிமிடத்தில் முடிக்க முடிகிறதா என்று பாருங்கள். சீசன் சமயம் என்றால் ஏறுவதற்கு ஒரு வழி, இறங்குவதற்கு ஒரு வழி என்று மாற்றியிருப்பார்கள், கீழேயிருந்து வரும் நண்பருக்கு இ-பாஸும் வேண்டும், இரண்டையும் முதல் நாளே பார்த்துவிடுங்கள்.